பதினோராவது கட்டம்

சேலையைக் கட்டிவிடாதீர்கள் என்று இந்தப் படம் எடுக்கிற பெண் ஏன் சொன்னாள்? படம் எடுத்து முடிந்துவிட்டது. வலதுக்கு இரண்டு, இடதுக்கு இரண்டு. தட்டு மேலிருந்து இறங்கி மார்பை அமுக்கும்போது மூச்சைப் பிடிங்க என்றாள், பிடித்தேன், விடுங்க என்றாள், விட்டேன். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம், முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்குங்க என்றாள், தள்ளிவிட்டேன், இன்னும் அது முதுகில்தான் கிடக்கிறது, முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. எல்லாம் ஆன பிறகு, "வெளிய பெஞ்சுல உக்காருங்கம்மா, டாக்டர் படத்தப் பாத்துட்டுச் சொல்லுவாங்க, அதுவரைக்கும் சேலை கட்டிராதீங்க" என்றாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாளாக இருக்கும். எனக்கு முன்னால் போன பன்னிரண்டாம் நம்பர்க்காரியிடமும் சொன்னாளா? கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். அவள் வந்தவுடன் சேலை கட்டிக்கொண்டு போனாளா, இந்த நீலக் கவுனோடு காத்திருந்தாளா, ஞாபகமே வரமாட்டேன் என்கிறது. சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்காரி முகத்தில் எதுவும் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடமாக நானும் அதே முகத்தைத்தான் காலை எட்டு மணிக்கு மாட்டிக்கொண்டு போகிறேன். மரகதவல்லி சிஸ்டர் முகம். நூல்மில் டிஸ்பென்சரியில், விரல் நசுங்கி வருகிறவளுக்கும் தலைவலி என்று பொய் சொல்லிப் படுக்க வருகிறவளுக்கும் ஒரே முகம். இப்போது அது என்னிடம் இல்லை. இந்தக் கவுனுக்கு இரண்டு நாடா, ஒன்று அறுந்திருக்கிறது, ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். மடியில் பிளாஸ்டிக் பையில் என் சேலை, ஜாக்கெட், கைக்குட்டை, சின்ன பர்ஸ். ஏசி எலும்பு வரைக்கும் போகிறது. எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. மே மாதத்திலிருந்து இருக்கிறது. இது நவம்பர். இந்த உலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அந்த மிஷினுக்கும் தெரிந்திருக்கலாம்.

காலையில் வந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். மகள் நிவேதிதாவின் கம்பெனி இன்சூரன்சில் அப்பா அம்மாவுக்கு வருடத்துக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை உண்டு. மூன்று வருடமாக நச்சரித்துப் பார்த்துவிட்டு, இந்த வருடம் ஓசூரிலிருந்தபடியே அவளே தேதி போட்டுவிட்டாள். "நீ நர்ஸ்தானம்மா, நீயே இப்படி இருந்தா எப்படி?" என்றாள். நான் நர்ஸ் என்பதால்தான் இப்படி இருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. படிவத்தில் வரிசையாகக் கேள்விகள். சர்க்கரை, இல்லை. ரத்தக்கொதிப்பு, உண்டு. மார்பில் கட்டி, வலி, கசிவு ஏதேனும் உண்டா. உண்டுக்கு ஒரு கட்டம், இல்லைக்கு ஒரு கட்டம். பேனா நேராக இல்லையில் போய் நின்றது. நான் யோசிக்கக்கூட இல்லை, கை அதுவாகப் போய் டிக் போட்டுவிட்டது, பழகிய கை. போட்ட பிறகுதான் மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். மிஷின் தானாகக் கண்டுபிடித்தால் சரி, மாட்டிக்கொண்டேன், ஆனது ஆகட்டும். கண்டுபிடிக்காவிட்டால் அது ஒன்றுமில்லாத கொழுப்புக் கட்டி. நானாகச் சொல்லப் போவதில்லை. சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கிறோமே, பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று, அந்த மாதிரி. வெள்ளை வந்தால் வீட்டுக்குப் போகலாம். படித்தவள் செய்கிற காரியமா? படத்தில் தெரியாத கட்டிகள் உண்டு, சிலருக்கு மார்பு அடர்த்தியாக இருக்கும், வெள்ளைக்குள் வெள்ளையாக ஒளிந்துகொள்ளும், அதனால்தான் கையாலும் தொட்டுப் பார்க்கிறார்கள், அதனால்தான் படிவத்திலும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். டிரெய்னிங்கில் இந்தப் பாடத்தில் நான்தான் முதல் மார்க். தெரிந்து என்ன செய்ய, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

போன் அதிர்கிறது. அவர்தான். கீழ்மாடியில் அவருக்கும் அதே பரிசோதனை நடக்கிறது. "ஏ மரகதம், வெறும்வயித்து ரத்தம் எடுத்தாச்சு. இனி சாப்பிட்டுட்டு ஒன்றரை மணி நேரம் கழிச்சு இன்னொருக்க எடுக்கணுமாம். கேன்டீன்ல இட்லி வடை எல்லாம் இருக்கு. நீ வாரியா, நான் சாப்பிடட்டா?" "சாப்பிடுங்க." "வடை சாப்பிடலாம்ல?" "ஒண்ணு." "உனக்கு முடிஞ்சிருச்சா?" "படம் எடுத்தாச்சு. டாக்டர் பாக்கணுமாம்." "ஒண்ணும் இல்லைல்ல?" "ஒண்ணும் இல்ல." வைத்துவிட்டார். இரண்டு வடை சாப்பிடுவார், எனக்குத் தெரியும், ஒன்று என்று சொன்னால் இரண்டு. நல்ல மனுஷன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர், கரண்ட்டை ஆஃப் பண்ணியாச்சு என்று சூப்பர்வைசரே சத்தியம் செய்தாலும் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் கம்பியில் கை வைக்க மாட்டார். அடுத்தவன் சொல்லை நம்பி எவனும் கம்பத்தில் ஏறக் கூடாது என்பார். ஆனால் என் சொல்லை நம்பிவிட்டார். ஒண்ணும் இல்லைல்ல என்று கேட்டால் ஒண்ணும் இல்ல என்றுதானே சொல்ல வரும், அதற்குத்தானே அப்படிக் கேட்கிறோம். முட்டிவலி வந்ததிலிருந்து அவர் கட்டிலில், நான் கீழே. கை மேலே விழுந்து நாளாயிற்று. விழுந்திருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பாரா? கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் கட்டி தெரிந்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேனா? பாவம், முட்டிவலி என்று அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான்தான் தள்ளிப் போனேன். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவருக்கு ஒரு டீ போடத் தெரியாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு டிவி பார்ப்பார். இதை ஏன் இப்போது நினைக்கிறேன். நினைக்கக் கூடாது.

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். வேர்க்குரு அரித்தது, குளிக்கும்போது சோப்பை அழுத்தித் தேய்த்தேன். அக்குளை ஒட்டி, மேல்பக்கத்தில், விரல் ஒரு இடத்தில் இடறியது. ஊறவைத்த மொச்சைக்கொட்டை அளவு. கையை எடுத்துவிட்டேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, டேங்க் காலியாகிவிடும் என்று அவர் கத்தினார். மறுபடி தொட்டேன், இருந்தது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வலிக்கிற கட்டியைவிட வலிக்காத கட்டிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று ஞாயிறு. திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு மாதவிடாய் நிற்கிற வயது, இப்படி வரும் போகும் என்று நினைத்தேன். பிறகு நிவேதிதா வந்துவிட்டுப் போகட்டும். ஆடியில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டாம். ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணம். புரட்டாசி, தீபாவளி. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது, தேடவே வேண்டியதில்லை. தினமும் குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பேன், சில நாள் சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கும், அன்றைக்கு மில்லுக்குப் போய் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுவேன், சிஸ்டருக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு என்பார்கள். மறுநாள் அது அப்படியே இருக்கும். பர்ஸை எப்போதும் ஜாக்கெட்டுக்குள் இடப்பக்கம்தான் செருகுவேன், எல்லாப் பெண்களையும் போல. மே மாதத்திலிருந்து வலப்பக்கம் செருகுகிறேன். பர்ஸை இடம் மாற்றினேன், உன்னை மாற்றவில்லை மரகதம், ஏன் மாற்றவில்லை? பர்ஸ் இடம் மாறுவதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அதை நீ ஒருமுறை உன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாய்.

"எம்மா, வலிக்குமா?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாள் கேட்கிறாள். பதினான்காம் நம்பர். உசிலம்பட்டிப் பக்கமாம், பேச்சியம்மாள் என்று பெயர் சொன்னாள், மருமகன் கூட்டிவந்து விட்டுவிட்டு வண்டி நிறுத்தப் போயிருக்கிறானாம். அவளும் ஒரு கையால் கவுனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், பாம்படம் போட்டிருந்த காது, இப்போது வெறுங்காது, ஆடுகிறது. "இல்லம்மா. கொஞ்சம் அமுக்கும். அவ்வளவுதான்" என்றேன். "அமுக்குறது கெடக்கட்டும், நான் அஞ்சு பிள்ளைக்குப் பால் குடுத்தவ. என்னத்தையாச்சும் கண்டுபிடிச்சிருவாங்களோன்னுதான் கருக்குங்குது" என்றாள். "ஒண்ணும் இருக்காதும்மா." எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவள் முகம் உடனே தெளிந்தது, என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நீ சொன்னா சரித்தா, பாத்தா படிச்ச பிள்ளையாட்டம் இருக்க." தொடாமல், பார்க்காமல், பெயர் கேட்டு ஐந்து நிமிடத்தில் அவளுக்கு ஒண்ணும் இருக்காது என்று நான் சொல்லிவிட்டேன், அவள் நம்பிவிட்டாள்.   அந்தக் கதவு திறக்கிறது. இல்லை, யாரோ தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டு போகிறான்.

மில்லில் டிசம்பர் மாதம் வந்தால் வருடாந்திரப் பரிசோதனை. மச்சமும் எடையும் கண்ணும் காதும் என்று ஆளுக்கு ஒரு தாள், பதினான்கு கட்டம். இரண்டே நாளில் மொத்த மில்லையும் முடிக்க வேண்டும். டாக்டர் ஆண்பிள்ளை, வெளியூர்க்காரர், ஸ்டெத்தை முதுகில் வைத்து எடுப்பதற்குள் அடுத்தவள் வந்து நிற்பாள். பதினோராவது கட்டம் மார்பகம். அதை நான் பார்க்க வேண்டும், பச்சைத் திரைக்குப் பின்னால். முதல் வருடம் நிஜமாகவே பார்க்க ஆரம்பித்தேன். ஜாக்கெட்டை அவிழுங்க என்றேன். முதல் ஆள் சிரித்தாள். இரண்டாவது ஆள், என்ன சிஸ்டர், புருஷன்கிட்டயே இருட்டுலதான் என்றாள், திரைக்கு வெளியே வரிசையே கொல்லென்று சிரித்தது. மூன்றாவது ஆள் என் கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் சூப்பர்வைசர் வந்து, "சிஸ்டர், ரீலிங்ல நூல் சுத்துற எட்டு மெஷின் நிக்குது, சீக்கிரம் விடுங்க" என்றான். நான்காவது ஆளிடம் நான் கேட்டேன், "ஒண்ணும் இல்லைல்ல?" "இல்லக்கா." நார்மல் என்று எழுதினேன். ஐந்தாவது ஆள், ஒண்ணும் இல்லைல்ல, இல்லக்கா, நார்மல். என்ன சுலபம். அன்று மதியத்துக்குள் முடித்துவிட்டேன். டாக்டர் பாராட்டினார். அதற்குப் பிறகு கேட்பதைக்கூட எழுதிக்கொண்டே கேட்பேன். பிறகு எழுதிவிட்டுக் கேட்பேன். யாருக்கும் அதில் வருத்தம் இல்லை, அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி, மானம் போகாமல் வேலை முடிந்தது. நான் மட்டுமா செய்தேன், எல்லா மில்லிலும் அப்படித்தான். எல்லா மில்லிலும் அப்படித்தான் என்று சொன்னால் சண்முகக்கனி எழுந்து வந்துவிடுவாளா?

சண்முகக்கனி. ரீலிங் செக்‌ஷன். நாற்பத்தொரு வயது, தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், எப்போது பார்த்தாலும் பொரிகடலையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். ஐந்து வருடத்துக்கு முந்தைய டிசம்பர். திரைக்குப் பின்னால் வந்தாள், வந்தவள் மற்றவர்களைப் போல முந்தானையை இறுக்கிக்கொண்டு நிற்கவில்லை. பர்ஸை எடுத்து மேசை மேல் வைத்தாள். வலப்பக்கத்திலிருந்து எடுத்தாள். நான் பார்த்தேன். அவள் ஊசியை முந்தானையில் குத்துகிற விதம், பர்ஸ் வைக்கிற இடம் எல்லாம் எனக்கு அத்துப்படி, பத்து வருடப் பழக்கம், அவள் இடப்பக்கம்தான் வைப்பாள். வலப்பக்கத்திலிருந்து எடுத்ததைப் பார்த்தேன், பார்த்தது மனசில் எங்கேயோ இடறவும் செய்தது. அவள் விரல் ஜாக்கெட் கொக்கியில் இருந்தது. "ஒண்ணும் இல்லைல்ல கனி?" "அக்கா..." என்றாள். நான் நார்மல் எழுதி முடித்திருந்தேன். தாளைத் திருப்பிவிட்டேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். அவள் கொக்கியிலிருந்து விரலை எடுத்தாள், பர்ஸை எடுத்து மறுபடி வலப்பக்கமே செருகிக்கொண்டாள், போனாள். அவ்வளவுதான் நடந்தது. யாரையும் நான் அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு பெயரைக் கொஞ்சம் சீக்கிரம் கூப்பிட்டேன். அடுத்த ஆடி முடிவதற்குள் அவளுக்கு மார்பு ரணமாகி நாற்றம் வந்துவிட்டது.

பார்க்கப் போயிருந்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு. அவள் தங்கச்சி வாசலில் உட்கார்ந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள், உள்ளே அந்த வாடைக்கு. கனி பாயில் கிடந்தாள், முடி போயிருந்தது, ஆனாலும் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள், மரியாதை. "ஏன் கனி, முன்னாடியே சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன், என் வாயால், அந்தக் கேள்வியை. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "நீங்கதான் நார்மல்னு எழுதிட்டீங்களேக்கா, அப்புறம் என்னன்னுதான் பேசாம இருந்துட்டேன்" என்றாள். நான் எழுதியதை அவள் சோதனையின் முடிவு என்று நினைத்திருக்கிறாள். தொடாமலே எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறாள், சிஸ்டர் ஆயிற்றே. புரட்டாசியில் போய்விட்டாள். மாலை போட்டேன். அதற்குப் பின் வந்த டிசம்பரில் என்ன செய்தேன் என்று கேள், பேச்சியம்மா, படித்த பிள்ளை என்ன செய்தது என்று கேள். பதினோராவது கட்டத்தை யாருக்கும் எழுதவில்லை, வெறுமையாக விட்டேன், எல்லாத் தாளிலும். கை வரவில்லை. தொட்டுப் பார்க்கவும் கை வரவில்லை, எழுதவும் வரவில்லை. ஆபீசிலிருந்து கட்டு கட்டாகத் திரும்பி வந்தது, கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். உட்கார்ந்தேன். நூற்றுத் தொண்ணூறு பேருக்கும் ஒரே மூச்சில் நார்மல் நார்மல் நார்மல் என்று எழுதினேன். அதையும் சேர்த்து இதுவரை நான்கு டிசம்பர், எல்லாம் அப்படித்தான். இப்போதும் இந்த வருடத்துத் தாள்கள் என் மேசை டிராயரில்தான் இருக்கின்றன, பெயர் மட்டும் எழுதி.

அதனால்தான் மே மாதம் விரல் இடறியபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. வந்துவிட்டாயா கனி என்றுதான் நினைத்தேன். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும். இது என் கட்டி இல்லை, அவளுடையது, அவள் கொக்கியில் விரலை வைத்துக்கொண்டு காட்ட வந்ததை நான் வாங்காமல் விட்டேன், அது சுற்றிக்கொண்டு என்னிடமே வந்திருக்கிறது. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். வினை சுடுகிறது என்றால் நிவேதிதா என்ன பாவம் செய்தாள்? அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். இன்றைக்கு நான் தப்பித்து, அது வேறு பக்கம் போய், ஒரு நாள் என் பிள்ளை எங்கோ ஒரு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, எங்க வீட்டுல யாருக்கும் இல்ல என்று சொல்வாள். சாமி, ஒன்றும் இருக்கக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் இந்த டிசம்பர் எல்லோரையும் தொட்டுப் பார்க்கிறேன், மெஷின் நின்றால் நிற்கட்டும், சூப்பர்வைசர் கத்தினால் கத்தட்டும், சத்தியம். இருந்தால்? இருந்தாலும் பார்க்கிறேன், எனக்கு உயிரை மட்டும் விட்டுவிடு. எவ்வளவு கேவலமாகப் பேரம் பேசுகிறாய் மரகதம்.  கவுனுக்குள் கை தானாகப் போகிறது, இப்போது இந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே, முழங்கையால் மறைத்துக்கொண்டு. இருக்கிறது. தட்டு அமுக்கியதில் உடைந்திருக்குமோ என்று ஒரு நப்பாசை. உடையவில்லை. மே மாதத்தைவிடப் பெரிதுதான். இத்தனை நாள் பெரிதாகவில்லை என்று எனக்கு நானே எழுதிக்கொண்டதும் அந்தப் பதினோராவது கட்டத்தில்தான்.

"மரகதவல்லி யாரு?" எழுந்துவிட்டேன். கால் மரத்திருக்கிறது. படம் எடுத்த அதே பெண், கையில் அட்டையில் சொருகிய படிவம், சட்டையில் அனுசுயா என்று பெயர் குத்தியிருக்கிறது, இதுவரை படிக்கவே இல்லை. முப்பது வயது இருக்கும், களைத்த கண், நெற்றியில் விபூதி. "டாக்டர் படம் பாத்துட்டாங்கம்மா. ரெண்டு பக்கமும் சந்தேகப்படுற மாதிரி ஒண்ணும் தெரியலையாம். நீங்க சேலை கட்டிக்கலாம்." என்ன சொன்னாள்? ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றாள். வெள்ளைப் பூ. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வரட்டும், பேச்சியம்மாள் கையைத் தூக்கி முருகா என்கிறாள். வெள்ளைப் பூ, கனி, நீ என்னை விட்டுவிட்டாய். கீழே போய் நானும் வடை சாப்பிடப் போகிறேன், அவரோடு உட்கார்ந்து, சாம்பாரில் முக்கி, அவர் மூன்றாவது வடை கேட்டாலும் கொடுக்கப் போகிறேன். நிவேதிதாவுக்குப் போன் போடணும். தாலிச் சங்கிலியை முன்னால் இழுத்துப் போட்டேன். பையை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்துவிட்டேன்.

"ஒரு நிமிஷம்மா. லேடி டாக்டர் கையால ஒருதடவ பாக்கணும், உங்க பேக்கேஜ்ல இருக்கு. அவங்க ஆபரேஷன்ல இருக்காங்க, வர மூணு மணி ஆயிரும். நீங்க எதுக்கு அம்புட்டு நேரம் காத்துக் கெடக்கணும், நானே போட்டு விட்டுர்றேன்." அட்டையைத் திருப்பினாள். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். என்னைப் பார்க்கவில்லை, படிவத்தையும் பார்க்கவில்லை, பெஞ்சில் இருந்த பதினான்காம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டி கிட்டி ஒண்ணும் இல்லைல்லம்மா?" பேனா ஏற்கெனவே தாளில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பேனாவை எனக்குத் தெரியும். அந்தக் குரலும் என்னுடையதுதான், கெட்ட குரல் இல்லை, இரக்கமான குரல், காத்திருக்க வைக்கக் கூடாதே என்கிற குரல். இல்லம்மா என்று ஒரு வார்த்தை, நான் கீழே போய்விடலாம். சொல்லக்கூட வேண்டாம், சும்மா நின்றாலே அவள் எழுதிவிடுவாள். கேள்விக்கும் பேனாவுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் இந்தப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. நேரமே இல்லை. இதற்குள் அவள் அக்கா என்று ஒரு வார்த்தையாவது சொன்னாளே, அந்தக் கனி, எங்கிருந்து வந்தது அவளுக்கு அவ்வளவு தைரியம்?

"எழுதாதம்மா" என்றேன். அவள் கையைப் பிடித்துவிட்டேன். பேனா ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய் நின்றது. "இருக்கு. மே மாசத்துல இருந்து இருக்கு. நான் படிவத்துல இல்லைன்னு போட்டது பொய். நானும் நர்ஸ்தான்." அவள் வாயில் பேனா மூடியோடு என்னைப் பார்த்தாள். கவுனைப் பிடித்திருந்த கையை விட்டேன், அது விலகினால் விலகட்டும், வரிசையில் எத்தனை பேர் பார்த்தாலும் பார்க்கட்டும். அவள் விரல்களைக் கொண்டுபோய் அக்குளை ஒட்டி, மேலே, அந்த இடத்தில் வைத்தேன். "இங்க. அமுக்கிப் பாரு. பயப்படாத, வலிக்காது." அவள் விரல் ஜில்லென்று இருந்தது. முதலில் சும்மா மேலே கிடந்தது, பிறகு மெல்ல வட்டமாக நகர்ந்தது, நகர்ந்து, ஒரு இடத்தில் நின்றது. மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது. அவளுடைய அந்த ஆஸ்பத்திரி முகம் போய்விட்டது.

"ஆமாக்கா" என்றாள். "இருக்கு."